வாழ்ந்தவன் ஒருவன்! எழுதினவன் ஒருவன்!

(இராயபுரத்தில் வாசகசாலைத் தோழர்கள் கூட்டிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் சாரம்)



இன்று நம்மைப் பேசும்படி கேட்டுக் கொண்ட விஷயமானது, உண்மையாய் வாழ்ந்த மனிதர்களின் வாழ்க்கையை எடுத்துக் கதையாகவும், நாவலாகவும், சினிமாவாகவும் செய்து கொள்ள எழுத்தாளர்களுக்குப் பாத்தியதை உண்டா என்பதாகும். இது ஏதோ புலவர்கள் கூடிப் பேச வேண்டிய சங்கதி என்றும், துறைமுகத்திற்குக் கண்டெய்னர் லாரி ஓட்டுகின்றவர்களுக்கும், காசிமேட்டில் வலை இழுக்கின்றவர்களுக்கும், மணலியிலும் எண்ணூரிலும் ஒப்பந்தக் கூலியாய் உழைக்கின்றவர்களுக்கும் இதில் என்ன வேலை என்றும் சிலர் நினைக்கக் கூடும். நாம் சொல்லுகின்றோம், இந்த விஷயத்தைப் பற்றிப் பேச யாருக்காவது முதல் உரிமை உண்டு என்றால் அது இராயபுரம் முதல் எண்ணூர் வரை குடியிருக்கும் உங்களுக்குத்தான் உண்டு. ஏனென்றால், இந்தப் பத்துப் பதினைந்து வருஷ காலத்தில் உங்கள் தெரு, உங்கள் பேச்சு, உங்கள் சண்டை, உங்கள் சாவு ஆகியவை சினிமாக் கொட்டகையில் விற்கப்பட்டது போல் சென்னையில் வேறு எந்தப் பகுதியின் சரக்கும் விற்கப்படவில்லை. சரக்குக்கு உடையவர்கள் யார், அவர்களைக் கேட்டார்களா, அவர்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்பதில் தப்பென்ன இருக்கின்றது?

இந்தக் கேள்விக்கு இப்போது இரண்டு பதில்கள் நடமாடுகின்றன. எழுதுகின்றவர், "எல்லாம் கற்பனை" என்று சொல்லித் தப்பித்துக் கொள்ளுகின்றார். எதிர்க்கின்றவர், "எங்கள் மனம் புண்பட்டது, ஆகவே தடை செய்" என்று கூச்சல் போடுகின்றார். இரண்டும் சரியல்ல என்பது நமது அபிப்பிராயம். எப்படி என்று பார்ப்போம்.

சட்டத்துக்காகச் சொல்லும் பொய்

சினிமா ஆரம்பத்தில், "இதில் வரும் பாத்திரங்களும் சம்பவங்களும் கற்பனையே; உயிரோடு இருப்பவர்களையோ இறந்தவர்களையோ குறிப்பிடுவன அல்ல" என்று ஒரு வாசகம் போடுகின்றார்கள் அல்லவா? அது எங்கிருந்து வந்தது தெரியுமா? ரஷ்யாவில் சக்கரவர்த்தியின் குடும்பத்தை ஆட்டி வைத்த ரஸ்புடீன் என்ற சாமியாரை 1916-ல் சில பிரபுக்கள் சேர்ந்து கொன்றார்கள். அவர்களில் ஒருவர் யுசுபோவ் என்பவர். 1932-ல் அமெரிக்காவில் எம்.ஜி.எம். கம்பெனியார் இதைப் படமாக எடுத்தார்கள். அதில் ஒரு இளவரசியை அந்தச் சாமியார் கெடுத்து விட்டதாகக் காட்டினார்கள். பெயரை மாற்றித்தான் வைத்தார்கள். ஆனாலும் கொன்றவர் இன்னார் என்று ஊருக்கே தெரிந்திருக்கும் போது, அவருடைய துணைவி இன்னார் என்பது தெரியாமலா போகும்? யுசுபோவின் மனைவியார் லண்டன் கோர்ட்டில் வழக்குப் போட்டார். 1934-ல் 25,000 பவுன் நஷ்ட ஈடு கிடைத்தது. அந்தப் படத்தின் ஆரம்பத்தில், கதையில் வரும் சிலர் இன்னும் உயிரோடிருக்கின்றார்கள் என்று பெருமையாக வேறு போட்டிருந்தார்கள். வழக்கில் அதுவே அவர்களுக்கு எமனாயிற்று. அது முதற்கொண்டுதான் "எல்லாம் கற்பனை" என்று போட்டு விடும் வழக்கம் உலகம் முழுவதும் பரவிற்று.

ஆகவே, தோழர்களே, அந்த வாசகம் உண்மையைச் சொல்ல வந்ததல்ல. வக்கீல் சொல்லிக் கொடுத்து வந்தது. அது போட்டவுடன் ஒரு வாழ்க்கை கற்பனையாகி விடாது. தெருவிலுள்ளவர்கள் எல்லோருக்கும் இன்னாருடைய கதை என்று தெரியும். கோர்ட்டுக்கு மாத்திரம் தெரியாது என்பதுதான் அதன் தாத்பரியம். ஒரு இளவரசிக்கு லண்டன் வரை போய் வழக்காட வசதி இருந்தது. காசிமேட்டில் மீன்கூடை சுமக்கும் அம்மாளுக்கு அந்த வசதி உண்டா? இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக் கொள்ளுங்கள். நாம் சொல்லப் போவதெல்லாம் இதன் மேல்தான்.

எடுக்கவே கூடாது என்பது மூடத்தனம்

அப்படியானால் உண்மை மனிதர்களைப் பற்றிக் கதை எழுதவே கூடாது என்கின்றாயா என்று கேட்டால், அப்படிச் சொல்லுவது சுத்த மூடத்தனம் என்போம். எந்த எழுத்தாளனும் சூனியத்திலிருந்து மனிதனைச் செய்து விட முடியாது. பார்த்தது, கேட்டது, பட்டது இவற்றைக் கொண்டுதான் எழுத முடியும். உண்மை மனிதனைத் தொடாதே என்றால் மிச்சமிருப்பது என்ன? தேவர்களும், அசுரர்களும், அரண்மனை ராஜாக்களும்தான் மிச்சம். இரண்டாயிரம் வருஷமாய் அந்தக் கதைகளைக் கேட்டுக் கெட்டது போதாதா? மூட்டை தூக்குகின்றவனும், சாக்கடையில் இறங்குகின்றவனும், போலீஸ் கொட்டடியில் அடிபடுகின்றவனும் கதையில் வர ஆரம்பித்ததே சமீப காலத்தில்தான். அந்தக் கதவை மறுபடியும் சாத்தச் சொல்ல நாம் தயாராயில்லை.

கோயமுத்தூரில் ஆட்டோ ஓட்டுகின்ற மு. சந்திரகுமார் என்பவர், தாம் ஆந்திராவில் குண்டூர்ப் போலீசாரிடம் அகப்பட்டு அடிபட்டதை "லாக்கப்" என்று 2006-ல் புத்தகமாக எழுதினார். அதை வைத்து 2015-ல் வெற்றிமாறன் "விசாரணை" என்ற படம் எடுத்தார். அது வெனிஸ் பட விழா வரை போயிற்று. அந்த வாழ்க்கை எழுதப்படாமல் போயிருந்தால் லாபம் யாருக்கு? அடித்தவனுக்குத்தானே! ஆகையால் உண்மை வாழ்க்கையை எழுதுவது குற்றமல்ல. யாருடைய வாழ்க்கையை, யார், யாரைக் கேட்டு, எந்த உத்தேசத்தோடு எழுதுகின்றார்கள் என்பதுதான் விசாரிக்க வேண்டியது.

எது பொது? எது சொந்தம்?

நாம் ஒரு கணக்குச் சொல்லுகின்றோம். சரியா என்று நீங்களே எடை போட்டுப் பாருங்கள். பொது ஜனங்களுடைய வரிப்பணத்திலோ, ஓட்டிலோ, பயத்திலோ, பக்தியிலோ வாழ்ந்தவனுடைய அந்த வாழ்க்கை பொதுச் சொத்து. மந்திரியும், போலீஸ் அதிகாரியும், மடாதிபதியும், முதலாளியும் தங்கள் பதவியை வைத்துச் செய்ததை எழுத எவனும் அவர்களிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அவர்கள் நம்மிடமிருந்து முன்பே எடுத்துக் கொண்டவர்கள். ஆனால் தன் சொந்த வியர்வையில் வாழ்ந்தவனுடைய வாழ்க்கை அவனுக்கே சொந்தம். அதை எழுதுகின்றவன் எடுத்தால் அது கடன். கடன் என்றால் கேட்டு வாங்க வேண்டும். வாங்கினதைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும்.

இது நமது சொந்தச் சரக்கு மாத்திரமல்ல. சட்டமும் ஏறக்குறைய இந்தப் பக்கம்தான் வந்து சேர்ந்திருக்கின்றது. பல கொலைகளுக்காகத் தண்டிக்கப்பட்ட ஆட்டோ சங்கர், சிறையிலிருந்தபடியே தன் வாழ்க்கைக் கதையை எழுதினான். அதில் தன்னோடு உறவாடிய அதிகாரிகளின் சங்கதியும் இருந்தது. "நக்கீரன்" பத்திரிகை அதை வெளியிட முன் வந்ததும் சிறை அதிகாரிகள் வெளியிடக் கூடாது என்றார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய், 1994 அக்டோபர் 7-ந் தேதி தீர்ப்பு வந்தது. அதன் சாரம் என்ன? ஒருவருடைய குடும்பம், கல்யாணம், பிள்ளைப்பேறு முதலிய சொந்த வாழ்க்கையை அவர் சம்மதமின்றி வெளியிடக் கூடாது; புகழ்ந்தாலும் கூடாது, இகழ்ந்தாலும் கூடாது. ஆனால் கோர்ட்டு ரிக்கார்டு போன்ற பொதுத் தஸ்தாவேஜுகளில் உள்ளதை எழுதலாம். அதிலும், பலாத்காரத்துக்கும் கடத்தலுக்கும் ஆளான பெண்களின் பெயரைப் போடக் கூடாது. உத்தியோகஸ்தர்கள் தங்கள் உத்தியோகக் காரியத்தைப் பற்றி எழுதினால் இந்தச் சொந்த வாழ்க்கை உரிமையைச் சொல்லி மறைந்து கொள்ள முடியாது. வெளிவருவதற்கு முன்பே தடை போட சர்க்காருக்கு அதிகாரமில்லை.

இது நல்ல தீர்ப்பு என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதிலும் ஒரு சங்கதியைக் கவனிக்க வேண்டும். கொன்றவன் கதையைச் சொல்லும் உரிமைக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை வழக்கு நடந்தது. கொல்லப்பட்டவர்கள் கதையை அவர்கள் வாயால் சொல்ல ஆள் ஏது?

செத்துப் போனவர்கள் விஷயத்தில் சட்டம் வேறு வழியில் போகின்றது. முதல் மந்திரியாயிருந்த ஜெயலலிதா அம்மையார் 2016 டிசம்பரில் காலமான பிறகு, அவர் வாழ்க்கையை வைத்துத் "தலைவி" என்ற சினிமாவும், "குயின்" என்ற தொடரும் எடுத்தார்கள். அவர் அண்ணன் மகள் தடை கேட்டார். 2021 ஏப்ரலில் சென்னை ஹைகோர்ட்டு, ஒருவருடைய அந்தரங்க உரிமை அவரோடு முடிந்து விடுகின்றது, அது சொத்தைப் போல் வாரிசுக்கு இறங்காது என்று சொல்லித் தள்ளிவிட்டது. ஒரு முதல் மந்திரி விஷயத்தில் நாமும் இதை ஒப்புக் கொள்ளுகின்றோம். நாட்டை ஆண்டவரின் வாழ்க்கையை நாடு பேசத்தான் செய்யும். அதைத் தப்பென்று மறுத்தெழுத ஆயிரம் பேனா இருக்கின்றது. ஆனால் ஒரு பேனாவும் இல்லாமல் செத்தவன் விஷயம் என்ன? அதைப் பார்ப்போம்.

நந்தன் கதை

நந்தன் என்று ஒருவர் இருந்தார் என்றே வைத்துக் கொள்ளுவோம். ஆதனூர்ச் சேரியில் பிறந்த அவரைப் பற்றி 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரிய புராணத்தில் பாடினார். அதில் அவரைக் கொடுமைப்படுத்தும் ஆண்டை கிடையாது. 19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தன் சரித்திரம் பாடும்போது, ஒரு வேதியரை ஆண்டையாக உண்டாக்கி, நாற்பது வேலி நிலத்தையும் ஒரே ராத்திரியில் அறுத்து முடித்தால்தான் சிதம்பரம் போகலாம் என்று சொல்ல வைத்தார். புராணத்தில் இல்லாததைச் சேர்க்கலாமா என்று அக்காலத்துப் பெரும் புலவர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்களே முதலில் சிறப்புப்பாயிரம் கொடுக்கத் தயங்கினாராம். நம்மைக் கேட்டால், அந்தக் கற்பனை ஆண்டைதான் அந்தக் கதையிலேயே உண்மையான ஆள் என்போம். பண்ணையாள் இருந்த இடத்தில் ஆண்டை இல்லாமலா இருந்திருப்பான்? ஆகவே கற்பனை சேர்ப்பதே குற்றம் என்று யாரும் நினைக்க வேண்டாம். மறைத்ததை வெளியே கொண்டு வரும் கற்பனையும் உண்டு.

ஆனால் கதையின் முடிவு எப்படி? இரண்டு பேருமே அவரை நெருப்பில் இறக்கிப் பூணூலோடு வெளியே கொண்டு வந்தார்கள். பறையனாயிருந்தே உள்ளே போகலாம் என்று சொல்ல அந்தக் கதைக்கு வாயில்லை. 1935-ல் இந்தக் கதையைப் படமெடுத்த போது, நந்தன் வேஷத்துக்குக் கே.பி. சுந்தராம்பாள் அம்மையாருக்கு ஒரு லட்ச ரூபாய் கொடுத்தார்கள். அவர் பாட்டுக்குக் கொடுத்தார்கள், அதில் குற்றமில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். நந்தனாக நடித்தவருக்கு லட்ச ரூபாய், நந்தனுக்கு நெருப்பு, நந்தன் பிறந்த சேரியாருக்கு "நீயும் அப்படிப் பக்தியாய் இரு" என்ற உபதேசம். வாயில்லாதவன் வாழ்க்கையைக் கேட்பாரில்லாமல் எடுத்துக் கொண்டால் இப்படித்தான் முடியும்.

வெண்மணியும் ராஜாக்கண்ணுவும்

பழைய கதை வேண்டாம், நம் காலத்துக்கு வருவோம். 1968 டிசம்பர் 25-ந் தேதி ராத்திரி, தஞ்சை ஜில்லா கீழவெண்மணியில், கூலி நெல் கொஞ்சம் சேர்த்துக் கேட்ட குற்றத்துக்காக, ஒரே குடிசையில் 44 உயிர்களைக் கொளுத்தினார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். இதை வைத்து இந்திரா பார்த்தசாரதி 1975-ல் "குருதிப்புனல்" எழுதினார். 1977-ல் சாகித்ய அகாதமி பரிசும் கிடைத்தது. அதில் வரும் மிராசுதார் ஆண்மைக் குறைவுள்ளவர். அந்த மனக்கோளாறு அவர் கொடுமைக்கு ஒரு காரணம் என்று படும்படி கதை போகின்றது. அப்போதே பலர் இதைக் கண்டித்தார்கள். மிராசுதாரைப் பற்றி எழுதியதற்காக நாம் வருத்தப்படவில்லை. தாராளமாய் எழுதட்டும். ஆனால் படி நெல்லுக்காக நடந்த கொலையை ஒருவன் உடம்பிலுள்ள கோளாறாக்கினால், செத்தவர்கள் எதற்காகச் செத்தார்கள் என்பதே மாறிப் போகின்றதா இல்லையா? பெயரை மாற்றலாம், ஊரை மாற்றலாம். காரணத்தை மாற்றுவது செத்தவனை மறுபடியும் கொல்லுவதாகும்.

இன்னொன்று. 1993-ல் தென்னாற்காட்டுப் பக்கம் முதனை கிராமத்தில் ராஜாக்கண்ணு என்ற குறவர் ஜாதித் தொழிலாளியைத் திருட்டுக் குற்றம் சாட்டிப் போலீசார் கொண்டு போய்க் கொன்று விட்டார்கள். அவர் மனைவி விடாமல் போராடினார். சந்துரு என்ற வக்கீல், பிறகு ஹைகோர்ட்டு ஜட்ஜாக இருந்தவர், அந்தம்மாளுக்காக வழக்காடினார். கடைசியில் போலீசார் தண்டனை அடைந்தார்கள். 2021-ல் "ஜெய் பீம்" என்ற படம் இதைக் காட்டிற்று. நல்ல படம், நாட்டையே பேச வைத்த படம். போலீஸ் கொட்டடியில் நடப்பதைப் பற்றி நாம் நூறு கூட்டம் போட்டாலும் நடக்காத காரியத்தை அது செய்தது.

ஆனால் அதில் மாற்றினது எது, மாற்றாதது எது என்று பாருங்கள். வக்கீல் பெயர் அப்படியே இருந்தது. செத்தவர் பெயரும் இருந்தது. போராடிய பெண்ணின் பெயர் மாறிற்று. குறவர் என்பது இருளர் என்று மாறிற்று. படக்காரர்கள் நல்ல எண்ணத்தோடு இருளர் பிள்ளைகளின் படிப்புக்கு ஒரு கோடி ரூபாய் கொடுத்தார்கள். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் உண்மையில் புருஷனைப் பறிகொடுத்த அந்தம்மாள் குடிசையில் இருக்கின்றார் என்று பத்திரிகைகள் எழுதி, மார்க்சிஸ்ட் கட்சிக்காரர்கள் கடிதம் போட்ட பிறகுதான் அவர் பெயரில் 10 லட்ச ரூபாய் போடுவதாக அறிவிப்பு வந்தது. மற்றொரு பக்கம், படத்தில் அதிகாரி வீட்டுச் சுவரில் தொங்கிய காலண்டரில் எங்கள் ஜாதிச் சின்னம் இருக்கின்றது என்று வன்னியர் சங்கத்தார் 5 கோடி ரூபாய் கேட்டு நோட்டீஸ் விட்டார்கள். உண்மையான அதிகாரி அந்த ஜாதியாரல்ல என்பதால் அவர்கள் ஆட்சேபணையிலும் ஒரு நியாயமுண்டு. ஒருவன் குற்றத்தை இன்னொருவன் சுவரில் மாட்டக் கூடாதுதான். காட்சியை மாற்றினார்கள், டைரக்டரும் வருத்தம் தெரிவித்தார். நாம் கேட்பது வேறு. சுவரில் தொங்கிய காகிதத்துக்குக் கேட்ட விலை 5 கோடி. நிஜத்தில் தாலியறுந்தவருக்கு, அதுவும் பிறர் கேட்ட பின், 10 லட்சம். கூட்டமுள்ளவன் மானத்துக்கு ஒரு விலை, நாதியில்லாதவன் மானத்துக்கு ஒரு விலை என்பது இந்த நாட்டு வியாபாரமாயிருக்கின்றது.

"மனம் புண்பட்டது"

இந்த "மனம் புண்பட்டது" என்ற கூச்சலைப் பற்றி ஒரு வார்த்தை. பெருமாள்முருகன் "மாதொருபாகன்" என்று 2010-ல் ஒரு நாவல் எழுதினார். நாலு வருஷம் கழித்து 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் அதைக் கொளுத்தினார்கள். அதிகாரிகள் முன்னிலையில் அவரைக் கூப்பிட்டு வைத்து மன்னிப்புக் கேட்கச் செய்தார்கள். அவரும் மனம் வெறுத்து, எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்து விட்டான் என்று அறிவித்தார். 2016 ஜூலை 5-ந் தேதி சென்னை ஹைகோர்ட்டு, பிடிக்காதவர்கள் படிக்காமல் இருக்கலாம் என்ற முறையில் தீர்ப்புச் சொல்லி அவரை மறுபடியும் எழுதச் சொல்லிற்று. அந்த நாவலில் உயிரோடிருக்கும் எந்தத் தனி மனிதருடைய வாழ்க்கையும் எடுக்கப்படவில்லை. ஒரு ஊரின் பழைய வழக்கத்தைப் பற்றிப் பேசினது. ஊருக்கும், ஜாதிக்கும், சாமிக்கும் அந்தரங்கம் என்பது கிடையாது. மனிதனுக்குத்தான் உண்டு. ஒரு மனிதனுக்கு நேர்ந்த கெடுதியையும், ஒரு ஜாதியின் பெருமைக்கு நேர்ந்த சங்கடத்தையும் ஒன்றாய்ப் போட்டுக் குழப்பக் கூடாது.

உங்கள் ஊர் விஷயம்

இதை வைத்துக் கொண்டு உங்கள் விஷயத்துக்கு வருகின்றோம். 2018 அக்டோபரில் "வட சென்னை" படம் வந்தது. படகில் வரும் ஒரு காட்சியும், தங்களைக் காட்டின விதமும் சரியில்லை என்று மீனவத் தோழர்கள் ஆட்சேபித்தார்கள். டைரக்டர் வெற்றிமாறன் வருத்தம் தெரிவித்து, அந்தக் காட்சியை எடுத்து விடச் சம்மதித்தார். நாம் மனதில் பட்டதை ஒளிக்காமல் சொல்லுகின்றோம். படகு புனிதமானது, அதில் ஆணும் பெண்ணும் கொஞ்சுவதாகக் காட்டக் கூடாது என்ற வாதத்தை நாம் ஏற்க மாட்டோம். படகு உழைக்கும் கருவி. அதற்குக் கோபமும் வராது, தீட்டும் வராது. ஆனால் இரண்டாவது ஆட்சேபணை இருக்கின்றதே, அதாவது எங்களை எப்போதும் கத்தியோடு மாத்திரம்தான் காட்டுகின்றார்கள் என்பது, அது முழுக்க முழுக்க நியாயமானது. வெட்டினதோ படகுக் காட்சி. கத்தி அப்படியே இருக்கின்றது. சில்லறையைத் திருப்பிக் கொடுத்து விட்டு நோட்டை வைத்துக் கொண்ட கதையாயிற்று.

கத்தி தூக்கினவன் இங்கே இருந்ததே இல்லையா என்றால், இருந்தான். துறைமுகச் சரக்கும், கடத்தலும், அதை நடத்திய பெரிய மனிதர்களும் இருந்த இடத்தில் கூலிக்கு வெட்டுகின்றவனும் இருப்பான். அவனை எழுதட்டும். ஆனால் அவனைக் கூலிக்கு வைத்தவனையும் சேர்த்து எழுதட்டும். அத்தோடு, 1856-ல் தென்னாட்டின் முதல் ரயில் புறப்பட்ட இந்த இராயபுரத்தில் ரயில் ஓட்டினவர்கள், தண்டவாளம் போட்டவர்கள், சங்கம் கட்டினவர்கள் யாருமே இல்லையா? மீனவர் குடும்பத்தில் பிறந்து 1923-ல் இந்த நாட்டின் முதல் மே தினத்தை இந்தச் சென்னையிலேயே நடத்திய சிங்காரவேலர் இல்லையா? 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தில் மணலி எண்ணெய் எண்ணூர்க் கழிமுகமெங்கும் பரவின போது, கையால் எண்ணெய் வாரின மீனவர்கள் இல்லையா? பத்துப் படத்திலும் ஒரே முகத்தைக் காட்டினால் அது கதையாயிருக்காது, முத்திரையாகி விடும். அந்த முத்திரையைச் சுமக்கின்றவன் நடிகனல்ல. வேலைக்கு மனுப் போட்டு, காசிமேடு என்றோ வியாசர்பாடி என்றோ விலாசம் எழுதி விட்டு, எதிரே இருப்பவன் முகம் மாறுவதைப் பார்க்கின்றானே, அந்தப் பிள்ளைதான் சுமக்கின்றான். படத்தில் தனி மனிதன் பெயர் ஒன்றும் இல்லாவிட்டாலும், அவன் சோறு போகின்றது அல்லவா? இது சாமியின் பெருமை போன ஆட்சேபணையல்ல. மனிதனுடைய பிழைப்புப் போன ஆட்சேபணை. ஆகவேதான் திருச்செங்கோட்டையும் காசிமேட்டையும் ஒரே தராசில் வைக்க நாம் மறுக்கின்றோம்.

2021-ல் பா. ரஞ்சித் எடுத்த "சார்பட்டா பரம்பரை" இதே தெருக்களிலிருந்து குத்துச்சண்டைக்காரர்களை எடுத்துக் காட்டிற்று. பலர் பெருமைப்பட்டார்கள். இராயபுரத்தில் பல தடவை ஜெயித்த முன்னாள் மந்திரி ஜெயக்குமார் அவர்கள், எம்.ஜி.ஆர். குத்துச்சண்டைக்குச் செய்ததை மறைத்து விட்டார்கள் என்று கண்டித்தார். தாராளமாய்க் கண்டிக்கட்டும். அவருக்குப் பத்திரிகை உண்டு, கட்சி உண்டு. பெரியவர்களுக்குள் நடக்கும் இந்த வழக்கு பேனாவோடு தீர்ந்து போகும். அதற்கு நாம் மத்தியஸ்தம் செய்ய வேண்டியதில்லை.

எழுதுகின்றவர்கள் செய்ய வேண்டியது

எழுதுகின்றவர்களுக்கு நாம் சொல்லக் கூடியது கொஞ்சம்தான். எளியவன் வாழ்க்கையை எடுத்தால் அவனைக் கேளுங்கள். அவன் இல்லாவிட்டால் அவன் வீட்டாரைக் கேளுங்கள். பெயரை மாற்றுவதானால் தெருக்காரனுக்கும் தெரியாதபடி மாற்றுங்கள். இல்லாவிட்டால் மாற்றாமலே எழுதுங்கள். பாதி முகமூடி போடுவது கோர்ட்டுக்குப் பயந்தவன் வேலை. அவன் செய்யாத இழிவை அவன் தலையில் கட்டாதீர்கள். அவன் பட்டதற்குக் காரணம் எதுவோ அதை மாற்றாதீர்கள். பணம் வந்தால் அவன் பங்கைக் கேட்காமலே கொடுங்கள்.

இது முடியாத காரியமல்ல. தஞ்சை ஜில்லாவில் குடியானவர்களைத் திரட்டிப் போராடி, 1953-ல் இறந்து, பிறகு எல்லோரும் மறந்து விட்ட மணலூர் மணியம்மையின் வாழ்க்கையை, ராஜம் கிருஷ்ணன் அம்மையார் ஊர் ஊராய்ப் போய்த் தெரிந்தவர்களைக் கேட்டுக் கேட்டுச் சேர்த்து, "பாதையில் பதிந்த அடிகள்" என்று 1991-ல் நாவலாக்கினார். மறந்து போன பெயரை நாட்டுக்குத் திருப்பிக் கொடுத்தார். கடனைத் திருப்புவது என்றால் இதுதான்.

சொந்த ஜனங்களைப் பற்றி எழுதினாலும் இந்தக் கடன் உண்டு. பாமா அம்மையார் 1992-ல் "கருக்கு" என்று தம் வாழ்க்கையையும் தம் தெருவையும் எழுதின போது, நம்மை அவமானப்படுத்தி விட்டாள் என்று ஊரார் கோபித்து, சில மாதம் அவர் ஊருக்குள்ளேயே போக முடியாமலிருந்தது. பிறகு அந்த ஊராரே அது தங்களுக்காகப் பேசுகின்ற புத்தகம் என்று ஒப்புக் கொண்டார்கள். அந்தக் கோபத்துக்கு அவர் கோர்ட்டையும் தேடவில்லை, "எல்லாம் கற்பனை" என்று ஒளிந்து கொள்ளவும் இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது

கடைசியாக உங்களுக்கு ஒன்று. உங்களைத் தப்பாய் எழுதினால் புத்தகத்தைக் கொளுத்தாதீர்கள், கொட்டகைக்குக் கல்லெறியாதீர்கள். கல்லெறிந்த மறுநாள் பத்திரிகையில், "பார், கதையில் சொன்னது சரிதான்" என்று எழுதி விடுவான். அதற்குப் பதில், நீங்களே எழுதுங்கள். வெட்டுப்புலித் தீப்பெட்டி தெரியாத தமிழன் கிடையாது. அந்தப் படத்தில் புலியோடு சண்டை போடும் மனிதன் யார் என்று தேடிக் கொண்டு போவதாக வைத்துத் தமிழ்மகன் 2009-ல் "வெட்டுப்புலி" என்ற நாவல் எழுதினார். நல்ல காரியம். திருவொற்றியூரில் விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலை எத்தனையோ வருஷம் ஓடி நின்று போய், இன்று பெயர் மாத்திரம் ரயில் நிலையத்தில் இருக்கின்றது. பெட்டிக்கு மேலே இருந்த மனிதனைத் தேட ஒருவர் கிடைத்தார். பெட்டிக்குள்ளே குச்சி அடைத்தவர்களைத் தேடுவது யார்? அவர்கள் பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும் இந்தக் கூட்டத்திலேயே இருப்பீர்கள். பட்டணத்துக்காரன் நோட்டுப் புத்தகத்தோடு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். வீட்டிலுள்ள பெரியவர்களை உட்கார வைத்துக் கேட்டு எழுதுங்கள். கேட்டே எழுதுங்கள், எழுதினதை அவர்களுக்கே முதலில் படித்துக் காட்டுங்கள். பிறருக்கு நாம் சொன்ன விதி நமக்கும் உண்டு.

நாம் சொன்னதில் சரியென்று பட்டதை வைத்துக் கொள்ளுங்கள். தப்பென்று பட்டதை நம் முகத்துக்கெதிரே சொல்லுங்கள்.